வீட்டுப் பட்டறைக்கு பிளாஸ்மா கட்டர்: மெஷினுக்கு முன்னால் கரண்ட்டும் காற்றும்

பிளாஸ்மா கட்டர் என்பது ஆர்க்கால், அதாவது மின்சுடரால், உலோகத்தை உருக்கிக் காற்றால் ஊதித் தள்ளி வெட்டும் மெஷின். அதை வாங்கிய முதல் வாரத்தில் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: கடையில் 10 எம்.எம். தகட்டை வெட்டிக் காட்டினார்கள், வீட்டுக்கு வந்ததும் 5 எம்.எம்.முக்கே திணறுகிறது. மெஷின் அதேதான். மாறியது சுவரிலிருந்து வரும் கரண்ட்டும் கம்ப்ரெசரிலிருந்து வரும் காற்றும். அதனால் மெஷினுக்கு விலை விசாரிக்கும் முன் இந்த இரண்டுக்கும் கணக்குப் போடுங்கள்.

அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி: உங்களுக்கு இது வேண்டுமா? செய்வது கேட், கிரில், ஸ்கொயர் பைப் வேலை மட்டும் என்றால் வேண்டாம். கட்டிங் வீல் போட்ட சா மெஷின் அதைவிட நேராக வெட்டும். தகட்டில் வளைவான வடிவங்கள், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), அலுமினியம், துருப்பிடித்த டிராக்டர் டிரெய்லர் பாடி, இதெல்லாம் கைக்கு வருகிறது என்றால் பிளாஸ்மாவுக்கு ஈடு கிடையாது. கேஸ் கட்டிங் இரும்பை ஆக்சிஜனில் எரித்து வெட்டுகிறது, எஸ்.எஸ்.ஸிலும் அலுமினியத்திலும் அது நடக்காது. பிளாஸ்மாவுக்கு உலோகத்தில் கரண்ட் பாய்ந்தால் போதும். ஆனால் 20 எம்.எம்.முக்கு மேல் தடித்த எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகடுதான் உங்கள் வேலை என்றால் கேஸ் செட்டை விற்றுவிடாதீர்கள்.

கரண்ட் கணக்கு

"200 ஆம்பியர் வெல்டிங் மெஷினே வீட்டில் ஓடுகிறது, 40 ஆம்பியர் பிளாஸ்மா ஓடாதா" என்று நினைப்பதில்தான் முதல் சறுக்கல். 40 ஆம்பியரில் கை வெல்டிங் மெஷின் தருவது சுமார் 22 வோல்ட். அதே 40 ஆம்பியரில் பிளாஸ்மா மெஷினுக்குத் தரநிலைக் கணக்கு 96 வோல்ட். 40 × 96 என்றால் 3,840 வாட். மெஷினுக்குள் போகும் இழப்பைச் சேர்த்தால் 4,500 வாட் ஆகும். குறைந்த விலை இன்வெர்ட்டர் வகை மெஷின்களின் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.7 அளவில்தான் இருக்கும். 4,500-ஐ 0.7-ஆலும் 230 வோல்ட்டாலும் வகுத்தால், லைனில் இழுப்பது கிட்டத்தட்ட 28 ஆம்பியர்.

16 ஆம்பியர் பவர் பிளக்கில் இதை ஓட்ட முடியாது. மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 32 ஆம்பியர் சி-கர்வ் எம்.சி.பி., 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் (தூரம் 15 மீட்டரைத் தாண்டினால் 6 ஸ்கொயர்), 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் பிளக். தனி லைன் போடும்வரை 16 ஆம்பியர் பிளக்கிலேயே ஓட்டியாக வேண்டும் என்றால் டயலை 25 ஆம்பியருக்கு மேல் தூக்காதீர்கள். 4 எம்.எம். தகட்டுக்கு அதுவே போதும். 1.5 ஸ்கொயர் எக்ஸ்டென்ஷன் 20 மீட்டரைப் போட்டு லைனிலிருந்து 25 ஆம்பியர் இழுத்தால் அந்த ஒயருக்குள்ளேயே 300 வாட் சூடாக மாறுகிறது. டிரம்மில் சுற்றி வைத்திருந்தால் உள்சுற்று உருகி ஒட்டிக்கொள்ளும்.

இதோடு கம்ப்ரெசரையும் சேருங்கள். 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியருக்குக் குறையாமல் எடுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப்போல் நான்கைந்து மடங்கு. வெட்டிக்கொண்டிருக்கும்போது கம்ப்ரெசர் எழுந்தால் வோல்டேஜ் சரிந்து ஆர்க் அணைவது இதனால்தான். வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் சர்வீஸ் இருந்தால் மெஷினை ஒரு ஃபேஸிலும் கம்ப்ரெசரை இன்னொன்றிலும் போடச் சொல்லுங்கள். பாதித் தலைவலி போய்விடும். சிங்கிள் ஃபேஸ் என்றால் டேங்க் நிரம்பி மோட்டார் நின்ற பிறகு வெட்டத் தொடங்குங்கள். அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

காற்று: அளவும் வேண்டும், காய்ந்தும் இருக்க வேண்டும்

40 ஆம்பியர் டார்ச் (கையில் பிடித்து வெட்டும் முனை) நிமிடத்துக்கு 120 முதல் 180 லிட்டர் காற்றைக் குடிக்கும், அதாவது 4 முதல் 6 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி). கம்ப்ரெசர் லேபிளில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். பெரும்பாலும் பிஸ்டன் இடம்பெயர்க்கும் அளவு. வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு போலத்தான். லேபிளில் 8 இருந்தால் கையில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க் கொள்ளளவும் ஒரு கணக்கு. 50 லிட்டர் டேங்க் 8 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்திலிருந்து 5 கிலோவுக்கு இறங்கும்போது தருவது 3 × 50, அதாவது 150 லிட்டர் காற்று. டார்ச்சுக்கு அது ஒரு நிமிடம். 160 லிட்டர் டேங்க் என்றால் மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்கும், இடையில் மோட்டாரும் ஏற்றிக்கொடுக்கும். பெயின்ட் அடிக்கும் 1 எச்.பி., 50 லிட்டர் கம்ப்ரெசரை வைத்து ஒரு சாண் வெட்டு, ஒரு நிமிடம் காத்திருப்பு என்று ஓட்டலாம், பொறுமை இருந்தால். புதிதாக வாங்குவதானால் 2 எச்.பி. பெல்ட் டிரைவ், 100 லிட்டருக்குக் குறையாத டேங்க். கம்ப்ரெசரின் விலை மெஷின் விலையை எட்டுவது சகஜம், பட்ஜெட் போடும்போதே ஒதுக்கிவிடுங்கள்.

அழுத்தம் பெரும்பாலான 40 ஆம்பியர் மெஷின்களுக்கு 4.5 முதல் 5 கிலோ. உங்கள் மேனுவலில் இருப்பதே இறுதி. அந்த அளவைக் காற்று ஓடும்போது வையுங்கள். நிற்கும்போது 5 காட்டும் கேஜ், டிரிகர் அழுத்தியதும் 3.5-க்கு விழுந்தால் ஹோஸ் மெல்லிசு என்று அர்த்தம். உள்விட்டம் 8 எம்.எம்.முக்குக் குறைந்த ஹோஸும், ஸ்பிரிங் மாதிரி சுருளும் நீல ஹோஸும் இதற்கு உதவாது.

இப்போது தண்ணீர். நம் கடலோர ஊர்களில் 30 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. 5 சி.எஃப்.எம். கம்ப்ரெசர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் அமுங்கிக் குளிர்ந்த காற்றிலிருந்து பிரியும் தண்ணீர் 150 மில்லியைத் தாண்டும். ஒரு டம்ளர் தண்ணீர். டேங்க்கில் தங்காத மிச்சம் டார்ச்சுக்குப் போகிறது. அங்கே ஆர்க் சடசடவென்று வெடிக்கும், டார்ச்சுக்குள் ஆர்க்கைத் தாங்கி நிற்கும் எலக்ட்ரோட் நாளெல்லாம் உழைக்க வேண்டியது அரை மணியில் முடியும்.

மெஷின் பின்னால் மாட்டித் தரும் குட்டி ஃபில்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஃபில்டர் தண்ணீரைத் துளியாகத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கம்ப்ரெசர் வாயிலேயே மாட்டினால் சூடான காற்று ஆவியோடு அப்படியே தாண்டிப் போய் ஹோஸில் குளிர்ந்து தண்ணீராகும். ஆகவே முதலில் காற்றைக் குளிரவிட வேண்டும். சுலபமான வழி: 10 மீட்டர் காப்பர் டியூபைச் சுருளாக்கித் தண்ணீர் வாளியில் அமுக்கி, அதைத் தாண்டியதும் வாட்டர் செபரேட்டர். சுவரில் நிரந்தர லைன் போடுவதானால் ஜி.ஐ. பைப்பைச் சற்றுச் சரிவாக இழுத்து, ஒவ்வொரு இறக்கத்தையும் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள். கோடியில் ஒரு டிரெயின் வால்வு. வீட்டுத் தண்ணீருக்குப் போடும் பி.வி.சி. பைப்பில் காற்றை அடைக்கவே கூடாது, வெடித்தால் சில்லுச் சில்லாகப் பறக்கும்.

கடையில் எஃப்.ஆர்.எல். செட் (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) என்று மூன்று பாகம் சேர்ந்ததைத் தருவார்கள். மூன்றாவது பாகம் காற்றில் ஆயில் கலப்பதற்கு. ஏர் கன்னுக்கு நல்லது, பிளாஸ்மா டார்ச்சுக்கு விஷம். முதல் இரண்டு மட்டும் உள்ளதைக் கேளுங்கள்.

மெஷினைத் தேர்ந்தெடுப்பது

பின்னால் ஒட்டியிருக்கும் ரேட்டிங் பிளேட்டைப் படியுங்கள், பெட்டியின் மேல் அச்சடித்த எண்ணை அல்ல. 40 ஆம்பியர், 96 வோல்ட் வெளியீடு என்று போட்டுவிட்டு உள்ளே எடுக்கும் கரண்ட் 15 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் கணக்கு இடிக்கும்: 230 × 15 என்பது 3,450, வெளியே 3,840 வாட் எங்கிருந்து வரும்? அந்த மெஷினை 25 ஆம்பியர் மெஷின் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டியூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெட்டலாம், நாலு நிமிடம் ஓய்வு. அந்த எண் எந்த வெப்பநிலைக்கு என்று பாருங்கள். 40 டிகிரிக்கு என்றால் நம் ஊர் மே மாதத்துக்குப் பொருந்தும். 25 டிகிரிக்கு என்றால் தகரக் கூரைக்கு அடியில் அது எட்டாது.

வெட்டும் தடிமன் என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் எப்படியாவது துண்டாகும் தடிமன். ஓரம் சுத்தமாக வர, அதில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல 40 ஆம்பியர் மெஷினில் 8 எம்.எம். சுகமாகப் போகும், 10 எம்.எம். மெதுவாக.

அடுத்தது ஆர்க் பற்றும் முறை. மலிவான மெஷின்களில் பி.டி.31 என்ற மாடல் டார்ச் வரும். அவற்றில் பைலட் ஆர்க் இருக்காது. டார்ச் வாயில் உள்ள துளையிட்ட நாசிலைத் தகட்டில் தொட்டால்தான் ஆர்க் பற்றும், பெயின்ட் அல்லது துரு இருந்தால் தடுமாறும், ஜல்லடைத் தகட்டில் ஒவ்வொரு ஓட்டையிலும் அணையும். பைலட் ஆர்க் உள்ளதில் டார்ச் காற்றிலேயே சுடர் விடும். துருவும் பெயின்ட்டும் பொருட்டல்ல. நாட்டுப்புறத்தில் வரும் வேலை பாதி துருப்பிடித்ததுதான், அதனால் கூடுதல் விலை கொடுத்தாலும் பைலட் ஆர்க் வாங்குவதே எங்கள் யோசனை. அதிலும் இரண்டு வகை. ஹை ஃப்ரீக்வென்ஸியில் பற்றுவது பக்கத்தில் உள்ள கம்ப்யூட்டர், சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) கன்ட்ரோலரைக் குழப்பும். காற்றழுத்தத்தில் எலக்ட்ரோட் பின்னால் தள்ளப்பட்டுப் பற்றும் வகையில் அந்தத் தொந்தரவு இல்லை, பின்னாளில் சி.என்.சி. டேபிள் போடும் எண்ணம் இருந்தால் இதுதான்.

கடையில் சோதிக்க ஒரு பெயின்ட் அடித்த பழைய துண்டை நீங்களே கொண்டுபோங்கள். எலக்ட்ரோட், நாசில் உங்கள் ஊர் வெல்டிங் கடையில் கிடைக்கிறதா என்று மெஷினை வாங்கும் முன் விசாரியுங்கள். பி.டி.31, ஏ.ஜி.60, பி80 சாமான்கள் பரவலாகக் கிடைக்கும். பெயர் தெரியாத டார்ச் வந்தால், அது தேய்ந்த அன்றே மெஷின் பெட்டியோடு மூலைக்குப் போகும்.

வெட்டும் இடம்

கட்டர் டேபிளுக்குப் பழைய ஃபிளாட் இரும்புப் பட்டையைக் குத்தாக நிறுத்தி 75 எம்.எம். இடைவெளியில் அடுக்கினால் போதும். வெட்டுப்பட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். அடியில் மணல் தட்டு. கான்கிரீட் தரையில் நேராக உருகல் விழுந்தால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகித் தரை பொட்டுப்பொட்டென்று தெறிக்கும். தண்ணீர்த் தட்டு வைத்தால் புகை குறையும். ஆனால் அதன் மேல் அலுமினியம் வெட்டினால் ஹைட்ரஜன் தேங்கி வெடிக்கும் ஆபத்து உண்டு.

பொறி 10 மீட்டர்வரை ஓடும். கோணி, மரத்தூள், தின்னர் டின், கீற்றுக் கூரை எதுவும் அந்த எல்லைக்குள் வேண்டாம். முடித்த பின் அரை மணி நேரமாவது ஒரு கண் வைத்திருங்கள். லுங்கியும் ரப்பர் செருப்பும் வெல்டிங் பட்டறைகளில் பழகிப்போன காட்சி. பிளாஸ்மாவில் உருகல் கீழ்நோக்கி ஊதப்படுவதால் நேராகப் பாதத்தில்தான் விழும். பருத்திச் சட்டை, பேன்ட், தோல் ஷூ, தோல் கிளவுஸ். கண்ணுக்கு 40 ஆம்பியர்வரை ஷேடு (கருமை எண்) 5 கண்ணாடி, அதற்கு மேல் 60 ஆம்பியர்வரை ஷேடு 6. சாதாரணக் கூலிங் கிளாஸ் உதவாது.

டார்ச்சில் திறந்த நிலை வோல்டேஜ் (ஆர்க் பற்றும் முன் இருப்பது) 250 முதல் 300 வோல்ட்வரை போகும், அதுவும் டி.சி. நாசில் மாற்றும்போது மெஷினை அணைத்துவிட்டே டார்ச் முனையை மூடியிருக்கும் கப்பைக் கழற்றுங்கள். பெட்டியின் மூன்றாவது ஒயர் எர்த் வேறு, வேலைத் தகட்டில் மாட்டும் எர்த் கிளாம்ப் வேறு. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று வெட்டிவிடாதீர்கள்.

ஜி.ஐ. தகட்டை வெட்டினால் வரும் வெள்ளைப் புகை துத்தநாகம். மாலையில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் காரணம் அதுதான். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை நம்பிக்கை; புகை நுரையீரலுக்குப் போகிறது, பால் வயிற்றுக்குப் போகிறது. திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகிலிருந்து வீசும்படி நில்லுங்கள். எஸ்.எஸ். புகை இதைவிட மோசம், முறையான ரெஸ்பிரேட்டர் போடுங்கள். பெட்ரோல் டேங்க், ஆயில் பேரல், மூடிய எதையும் வெட்டாதீர்கள், கழுவியிருந்தாலும்.

முதல் வெட்டு

5 எம்.எம். எம்.எஸ். துண்டில் பழகுங்கள். டேங்க் தண்ணீரை வடியுங்கள். எர்த் கிளாம்ப் பிடிக்கும் இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்து மாட்டுங்கள், வெட்டி விழப்போகும் துண்டில் அல்ல, நிற்கப்போகும் பக்கத்தில். டயல் 40. ஓரத்திலிருந்து தொடங்குவது எளிது: நாசில் துளையின் பாதி தகட்டின் ஓரத்துக்கு வெளியே நிற்கும்படி வைத்து டிரிகரை அழுத்துங்கள். பொறி கீழே முழுதாக ஊடுருவியதும் நகருங்கள். பி.டி.31 என்றால் தொட்டுப் பற்றவைத்து 2 எம்.எம். தூக்கிக்கொள்ளுங்கள், முழு ஆம்பியரில் நாசிலை உரசிக்கொண்டே போனால் துளை சீக்கிரம் போகும்.

வேகம் நிமிடத்துக்கு ஒரு மீட்டர் அளவில், அதாவது நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டரில் ஆரம்பியுங்கள். பிறகு அடியில் பாருங்கள். பொறி செங்குத்திலிருந்து 10, 15 டிகிரி பின்னால் சாய்ந்து விழுந்தால் வேகம் சரி. நேராகவோ முன்னாலோ விழுந்தால் மெதுவாகப் போகிறீர்கள். மேலே உங்கள் முகத்தைப் பார்த்துத் தெறித்தால் வேகம் அதிகம், ஊடுருவவில்லை.

நடுத்தகட்டில் துளைக்கும்போது டார்ச்சை 40 டிகிரி சாய்த்துப் பற்றவையுங்கள். உருகல் ஒரு பக்கமாக ஊதிப் போகும். துளைத்ததும் நிமிர்த்துங்கள். நேராக வைத்துத் துளைத்தால் உருகல் திரும்பி நாசில் வாயிலேயே ஒட்டும்.

கைநடுக்கத்துக்கு மருந்து கைடு. ஒரு ஆங்கிள் இரும்பை சி-கிளாம்பால் பிடித்து கப்பை அதில் உரசியபடி போங்கள். கப் விட்டம் 22 எம்.எம். என்றால் கோட்டிலிருந்து 11 எம்.எம். தள்ளி வையுங்கள், வெட்டு அகலம் ஒன்றரை எம்.எம்.முக்குள் இருக்கும், அதில் பாதியையும் கழிக்க மறக்காதீர்கள். ஒரே வடிவம் பத்துத் துண்டு வேண்டுமென்றால் பிளைவுட்டில் டெம்ப்ளேட் வெட்டிக்கொள்ளுங்கள். ஓரம் கருகும், ஆனால் வேலை முடியும்வரை நிற்கும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. டார்ச்சுக்குள் காற்று சுழன்று வருகிறது. பெரும்பாலான டார்ச்களில், நீங்கள் போகும் திசையில் வலதுபக்க ஓரம் செங்குத்தாகவும் இடதுபக்கம் சாய்வாகவும் இருக்கும். ஆகவே வேண்டிய துண்டை வலதுபக்கம் வையுங்கள். வட்டத்தட்டு வெட்டினால் கடிகாரத் திசையிலும், தகட்டில் ஓட்டை போட்டால் எதிர்த் திசையிலும் சுற்றுங்கள். தகட்டின் தடிமனைப்போல் இருமடங்குக்குக் குறைந்த ஓட்டையை டிரில்லில் போடுவதே மேல்.

அடியில் ஒட்டும் கசடே வேகத்தைச் சொல்லிவிடும். கெட்டியாகக் குமிழ்குமிழாகத் தொங்கி, உளியால் தட்டினால் பொலபொலவென்று விழுந்தால் மெதுவாகப் போயிருக்கிறீர்கள். மெல்லிய கோடாக ஒட்டி, கிரைண்டர் போட்டால்தான் போகும் என்றால் வேகம் கூடிவிட்டது. வெட்டிய ஓரத்தை வெல்டு அடிக்கப் போகிறீர்கள் என்றால் அரை எம்.எம். கிரைண்ட் பண்ணுங்கள், காற்றிலுள்ள நைட்ரஜன் அந்த ஓரத்தில் ஏறியிருக்கும், வெல்டில் பொத்தல் விழும்.

எலக்ட்ரோடும் நாசிலும்

புது எலக்ட்ரோடின் முகத்தைப் பாருங்கள். செம்பு வட்டத்தின் நடுவில் வெள்ளிப் புள்ளி ஒன்று, மிளகில் பாதிகூட இருக்காது. அது ஹாஃப்னியம், ஆர்க் பிடித்து நிற்பது அதன் மேல்தான். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் அதில் கொஞ்சம் போய் நடுவில் குழி விழும். வெர்னியரின் ஆழக்கம்பியை வைத்துப் பாருங்கள். குழி ஒன்றரை எம்.எம்.மை எட்டும் முன் மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் ஆர்க் செம்பைத் தின்னும், சுடர் பச்சையாகும், கூடவே டார்ச் தலையும் போகும். வெள்ளிப் புள்ளி கண்ணுக்கே தெரியாத புது எலக்ட்ரோட் கடையில் கிடைத்தால் திருப்பிக் கொடுங்கள். தேய்மானம் வெட்டிய நீளத்தைவிடப் பற்றவைத்த எண்ணிக்கையைப் பொறுத்தது; ஒரே ஓட்டமாக வெட்டுவது சிக்கனம், சும்மா டிரிகரை அழுத்திச் சுடர் காட்டுவது வீண்.

நாசிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துளை கூர்மையான வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவமாகவோ ஒரு பக்கம் கீறியோ இருந்தால் வெட்டு அந்தப் பக்கம் சாயும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. நடுவில் வரும் சுழல் வளையத்தை மறந்துபோய் மாட்டாமல் விட்டால் புது நாசில் நிமிடத்தில் போகும்.

கோளாறு வந்தால்

காற்று வருகிறது, ஆர்க் இல்லை: முதலில் எர்த் கிளாம்ப், அடுத்து கப் முழுதாக இறுகியிருக்கிறதா, பிறகு எலக்ட்ரோட். பல டார்ச்களில் கப் தளர்ந்தால் ஸ்விட்ச் வேலை செய்யாதபடி வைத்திருப்பார்கள். பற்றி உடனே அணைகிறது: ஓடும்போது கேஜைப் பாருங்கள், அழுத்தம் விழும். வெட்டு திடீரென்று அகலமாகிறது: நாசில். ஓவர்ஹீட் லைட் எரிந்தால் மெஷினை அணைக்காதீர்கள், ஃபேன் ஓடித்தான் அது குளிர வேண்டும். வெட்டி முடித்த பிறகும் காற்று சில நொடி வரும். அது டார்ச்சைக் குளிர்விக்கும் காற்று, அது நிற்கும்வரை மெயினில் கை வைக்காதீர்கள்.

கிரைண்டரை மெஷினின் ஃபேன் பக்கம் பார்த்து ஓட்டாதீர்கள். உள்ளே போகும் இரும்புத்தூள் போர்டில் படிந்து, ஈரம் சேர்ந்ததும் ஷார்ட் ஆகும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் இறங்கப் பத்து நிமிடம் விட்டு, 2 கிலோ அழுத்தத்தில் தள்ளி நின்று ஊதிவிடுங்கள். அன்றன்றைய வேலை முடிந்ததும் கம்ப்ரெசர் டேங்க்கின் அடி வால்வைத் திறந்துவையுங்கள், மறுநாள் காலையில் மூடினால் போதும்.